குருதி கூறும் சாட்சி

சோதனைக்காக இரத்தம் கொடுத்துவிட்டு வரும் நாம் எல்லோரும் ஒரு சொல்லையே எதிர்பார்க்கின்றோம்: உண்டு, அல்லது இல்லை. அவ்விரண்டில் ஒன்று கடதாசியில் எழுதப்பட்டு வந்துவிட்டால் மனம் அமைதியடைகின்றது. வராவிட்டால் வைத்தியர்மீதே ஐயுறவு கொள்கின்றோம். ஆனால், குருதி அவ்வளவு விரைவில் வாய் திறப்பதில்லை. பங்கசு நோயொன்றின் வரலாற்றைப் படித்தபோது இவ்வுண்மை எமக்குத் தெளிவாயிற்று.

கலிபோர்ணியாவிலுள்ள சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் வறண்ட மண்ணிலே கொக்சிடியோயிடீஸ் என்னும் பங்கசு வாழ்கின்றது. புழுதி கிளம்புங்கால் அதன் நுண்ணிய வித்திகள் மூச்சோடு கலந்து நுரையீரலை அடைகின்றன. 1994ஆம் ஆண்டு அம்மாநிலத்தில் நிகழ்ந்த நோர்த்ரிட்ஜ் பூமியதிர்ச்சி எழுப்பிய புழுதியினால் வெஞ்சூரா மாவட்டத்திலே 203 பேர் இந்நோய்க்கு ஆளாயினர்; மூவர் மாண்டனர். வித்திகளை உட்கொண்டோருட் பெரும்பாலோர் யாதொரு துன்பமும் அறியார். ஏனையோரைக் காய்ச்சலும் இருமலும் நெஞ்சு நோவும் நீங்காத சோர்வும் வாட்டும். மிகச் சிலரிலே நோய் எலும்புக்கும் மூளையுறைக்கும் பரவி உயிருக்கே உலை வைக்கும்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. எக்ஸ்ரே படத்திலே இது சயரோகம் போலவும் புற்றுநோய் போலவும் தோற்றமளிக்கும். பக்ரீரியாவைக் கொல்லும் மருந்துகள் இதனிடம் பலிக்கமாட்டா. ஒருவரிலிருந்து மற்றொருவருக்குத் தொற்றாத இந்நோயைச் சயரோகமென்று பிழையாகக் கொண்டால், நோயாளியை வீட்டார் வீணே ஒதுக்கி வைக்கவும் நேரிடும்.

இவ்விருளில் விளக்கேற்றியவர்களுள் முதன்மையானவர் சாள்ஸ் சிமித் என்னும் அமெரிக்க வைத்தியர். 39,500 இரத்தச் சோதனைகளின் முடிவுகளை ஆராய்ந்து 1956ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் தோழரும் கட்டுரை வெளியிட்டனர். சோதனை தேடுவது பங்கசையன்று. அதனை எதிர்த்து உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகளையே தேடுகின்றது. கள்வனைக் காணாது, அவனோடு போராடிய காவலாளரைக் கண்டு களவை அறிவது போன்றது இது. முதலில் ஒருவகைப் பிறபொருளெதிரி தோன்றிச் சில காலத்தில் மறையும். அடுத்த வகை பிந்தித் தோன்றி நெடுநாள் நிற்கும். குருதித் தெளிவை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என நீர்ப்பித்துக்கொண்டே போவர். 16 மடங்குக்கு மேல் நீர்த்த பின்னரும் அது வினை காட்டுமாயின், நோய் பரவியிருக்கலாமென வைத்தியர் விழிப்படைவர். பின்னர் அவ்வெண் படிப்படியாகக் குறைந்து வருமாயின் அது நலத்துக்கு அறிகுறியாகும்.

எனினும், காவலர் திரளுவதற்குச் சில வாரங்கள் செல்லும். நோயின் தொடக்கத்தில் எடுத்த இரத்தம் ‘இல்லை’ என்று சொன்னாலும் நோய் இருக்கக்கூடும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் உடலோ பிறபொருளெதிரிகளைப் போதியளவு ஆக்கமாட்டாது. ஆதலின் ஒரே சோதனையை முடிந்த முடிவாகக் கொள்ளாது, சில வாரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்து இரண்டையும் ஒப்புநோக்குவர்.

“மூன்று வாரம் கழித்து மறுபடியும் வாருங்கள்” என்று வைத்தியர் கூறும்பொழுது, அதனை அறியாமையென்று எண்ணி நாம் வேறிடம் தேடி ஓடுகின்றோம். முதற் சோதனைக் கடதாசியையும் எங்கோ போட்டுவிடுகின்றோம். அவ்வாறு ஓடினால், இரண்டாவது எண்ணை ஒப்புநோக்குவதற்கு முதலாவது எண் இல்லாமற் போகும். அக்கடதாசியைப் பேணி வைத்திருந்து, குறித்த நாளில் அவரிடமே திரும்பிச் செல்வது நோயாளி செய்யக்கூடிய பேருதவியாகும்.