மெதுவாகப் போனால்தான் ஆபத்து

லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் இருக்கும் உள்ளரங்கச் சைக்கிள் தளத்தில், பழக்கமில்லாதவர்களும் கட்டணம் செலுத்திப் பயிற்சியாளர் துணையோடு ஓட்டலாம். நான் போனபோது முதலில் மிரட்டியது சைக்கிள்தான். பிரேக் இல்லை. ஒரே கியர். சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். காலுக்கு ஓய்வே கிடையாது.

பிறகு வளைவைப் பார்த்தேன். ஒரு சுற்று 250 மீட்டர். நேர்ப்பகுதியிலேயே 12 டிகிரி சாய்ந்திருக்கும் தளம், வளைவில் 42 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. கீழே நிற்பவருக்கு அது சுவர். பயம் வந்தால் வேகத்தைக் கூட்டுங்கள் என்றார் பயிற்சியாளர். சாலையில் ஓட்டிப் பழகிய உடம்பு அதை லேசில் ஏற்காது.

ஆனால் கணக்கு அவர் பக்கம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புகிறவர், தம் எடையையும் மிஞ்சிய விசை தம்மை வெளியே தள்ளுவதை உணர்வார். சமதரையாக இருந்தால் டயர் வழுக்கிவிடும். இங்கே தரையே சாய்ந்து கொடுக்கிறது. எடையும் அந்த விசையும் சேர்ந்து அவரைப் பலகையோடு அழுத்திப் பிடிக்கின்றன. வேகம் குறைந்தால் அந்தப் பிடி போய், சைக்கிள் சரிவில் கீழே சறுக்கும்.

மூன்றாவது சுற்றோ நான்காவதோ, தளத்தில் வரைந்திருந்த நீலக்கோட்டுக்கு மேலே ஏறினேன். சாய்வு எந்த இடத்தில் கூடத் தொடங்கியது என்று கடைசிவரை பிடிபடவில்லை. தளம் அமைக்கும் கலையின் உச்சம் அதுதான் என்று நினைக்கிறேன். நேர்கோடு சட்டென்று வளைவாக மாறினால் சைக்கிள் குலுங்கும். அதனால் ரயில் பாதையில் செய்வதுபோல வளைவையும் சாய்வையும் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இந்தத் தளத்தை வடிவமைத்த ரான் வெப், தாமே பந்தயத்தில் ஓட்டியவர். காகிதத்தில் மட்டும் வளைவை அறிந்தவர் இதைச் செய்திருக்க முடியாது.

தளம் முழுக்க சைபீரியப் பைன் மரச் சட்டங்கள், மொத்தம் 56 கிலோமீட்டர் நீளம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆணிகள். தச்சர்களின் கைவேலை அது. 2012 ஒலிம்பிக்கில் இங்கே நடந்த 10 போட்டிகளில் பிரிட்டன் 7 தங்கம் வென்றது; வீரர்கள் பெயர் எல்லாருக்கும் தெரியும், தச்சர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எங்கள் நேரம் முடிந்ததும் தேர்ந்தவர்கள் இறங்கினார்கள். ஸ்பிரிண்ட் பயிற்சி. ஒருவர் மேல் விளிம்பை ஒட்டி ஊர்ந்துகொண்டே கீழே இருந்தவரைக் கவனித்தார். அவர் அசந்த நொடியில் இவர் சரிவில் பாய்ந்து முந்திவிட்டார். ஏறிய உயரம் முழுவதையும் வேகமாக மாற்றிக்கொண்டார். நான் சுவர் என்று அஞ்சிய சாய்வில்தான் அவர் தம் வேகத்தைச் சேமித்து வைத்திருந்தார்.