திருகி விட்டா ஓடும்

மலேசியாவுல, பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டுலயும் கிள்ளான் வீடுகளோட பின்கட்டுலயும் இன்னும் ஓடுற இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினுக்காக ஒரு வக்காலத்து. (ஃபீஸ் கிடையாது, கேஸும் யாரும் கொடுக்கல.) அதோட டைமர் ஒரு கடிகாரம்தான். குமிழைத் திருகினா சுருள்வில் இறுகும். பல்சக்கரங்கள் அதை மெல்ல அவிழ்க்கும். கூடவே சுத்துற மேடுபள்ளத் தட்டு, மின்தொடுப்புகளை மூடித் திறந்து மோட்டாரை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திச் சுத்த வைக்கும். கோளாறும் கண்ணுக்குத் தெரியும்: தொடுப்பு கரியும், வில் தளரும். பிளக்கைப் பிடுங்கிட்டு கரியைத் துடைக்கலாம். தேறலைன்னா டைமரையே மாத்தலாம், தண்டும் கம்பி அமைப்பும் பொருந்தினா போதும். புது மெஷினோட சர்க்கியூட் போர்டு அப்படியில்ல. கிள்ளான் பள்ளத்தாக்கு மின்னலுக்குப் பேர்போனது, போர்டுக்கு அது ஆகாது. ஈரம், எறும்பு, பல்லி வேற. ஈரம் புகாம இருக்கப் பல போர்டுகள் மேல பிசின் ஊத்தியிருக்காங்க, நியாயம்தான். ஆனா ஒரு ரிலே போனாலும் பெரும்பாலும் முழு போர்டையும் தூக்கிப் போடணும்.

பழசு தண்ணியைக் குடிக்குமேன்னு கேப்பீங்க. அலசும்போது பைப்பைத் திறந்தே விட்டா குடிக்கும்தான். ஆனா ஒரே சோப்புத் தண்ணியில அடுத்த சுமையையும் போட்டுடலாம். மின்சாரம்? சுடுதண்ணியில துவைக்கிற ஊர்லதான் சூடாக்கவே பெரும்பகுதி போகும். இங்கே பச்சைத் தண்ணிதானே. எர்த் வயர் சரியா இருக்கணும்கிறதை மட்டும் மறுக்க மாட்டேன். போர்டு விஷயத்துக்கு வந்தா, ஐரோப்பிய ஒன்றியத்துல 2021 மார்ச்சுலேருந்து, ஒரு மாடலோட விற்பனை நின்னாலும் 10 வருஷம் உதிரிபாகம் கிடைக்கணும்னு விதி, போர்டு உட்பட. அது இங்கேயும் வந்தா என் வாதத்துல பாதி காலி. வருமா?