1921இல் நமக்கு ஒரு காவேரி

போன ஞாயிறு, ராயபுரத்தில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஹரிணி நாகேந்திராவின் ‘தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்’ (2022) நாவலைப் பேசினோம். கதை நடப்பது 1921இல். டாக்டரை மணந்த 19 வயதுக் காவேரி கணக்கில் கெட்டிக்காரி. கொலைப் பழி ஓர் எளிய பெண்மீது விழப் பார்க்கிறது. அவளைக் காப்பாற்றக் காவேரியே துப்பறியக் கிளம்புகிறாள். திருவொற்றியூர், எண்ணூர் பிள்ளைகள் எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

புளியந்தோப்புத் தங்கை மட்டும் கேட்டாள்: “அக்கா, 1921லதானே எங்க ஏரியாவுல குடிசைங்கள கொளுத்துனாங்க?”

ஆமாம். பின்னி மில் வேலைநிறுத்தம். அதில் சேராமல் வேலைக்குப் போன ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல் மூண்டது, சேரி எரிந்தது. நீதிக்கட்சித் தலைவர்கள் நம்மவர்களையே குறை சொன்னார்கள். எம்.சி. ராஜா அக்கட்சியிலிருந்து விலக அதுவும் ஒரு காரணம்.

காவேரிக்கு வீடும் படிப்பும் இருந்தன. எரிந்த குடிசையில் அடுப்பு மூட்டியவள் பார்த்ததை எந்த நாவலில் படித்தோம்?

“எங்க ஆயாவுக்கு அவங்க ஆயா சொன்னது கொஞ்சம் ஞாபகம் இருக்குதுக்கா. கேட்டு எழுதட்டா?” என்றாள்.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.