கணிப்பொறியின் சுவர்

வீடு எவ்வளவு சிறியதாயினும் சுவரில் ஒரு படம் வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். சிவகாசியில் அச்சான முருகனோ இலக்குமியோ காலண்டரில் புன்னகை பூத்திருப்பர். அடியில் ஏதேனும் ஒரு ஜவுளிக் கடையின் பெயர் இருக்கும். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வங்கள் இவ்வாறுதான் பட்டி தொட்டியெல்லாம் சென்று குடியேறின. ஆண்டு முடிந்த பின்னும் அந்தப் படத்தைக் கழற்ற மனம் வராது. தேதித் தாள்கள் தீர்ந்த வெறும் அட்டை, ஆணியில் தொங்கியபடியே இருக்கும்.

இன்று மாணவராகிய நாம் சுவரைப் பார்க்கும் நேரம் குறைவு. கணிப்பொறியின் திரையைப் பார்க்கும் நேரமே மிகுதி. அத்திரைக்கும் ஒரு படம் உண்டு. வால்பேப்பர் என்று அதனை வழங்குகிறோம். திரைப்பின்னணி என்று தமிழில் சொல்லலாம். "இதைப் பற்றி எழுதுவதற்கும் ஒரு கட்டுரையா?" என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். எங்கள் வீட்டில் இதன் பொருட்டு ஒரு மாத காலம் வழக்கு நடந்தது என்றால் நம்புவார்களா?

முதலில் வரலாறு சிறிது. 1984-இல் வெளிவந்த மெக்கிண்டாஷ் கணிப்பொறியில் படம் வைக்க இயலாது. எட்டுக்கு எட்டு என்ற புள்ளிக் கட்டத்தில், கறுப்பும் வெளுப்புமாக ஒரு கோலம் அமைக்கலாம். அதுவே திரை முழுதும் பரவும். நம் வாசற் கோலத்தைப் போன்றதே அது! 1990-இல் வந்த விண்டோஸ் 3.0 பதிப்பில் படங்களையே திரைக்குப் பின்னே பரப்ப முடிந்தது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. பச்சைப் புல்மேடும் நீல வானும் கொண்ட அதன் படத்தை அறியாதார் யார்? 'பிளிஸ்' என்பது அதன் பெயர். சார்லஸ் ஓரியர் என்னும் புகைப்படக் கலைஞர், 1996 ஜனவரியில், கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் காரில் சென்றபோது இறங்கி நின்று எடுத்த படம் அது.

அந்த மேட்டில் முன்னர் திராட்சைக் கொடிகள் இருந்தன. வேரைத் தாக்கும் பூச்சியினால் கொடிகள் அகற்றப்பட்டன. அவ்விடத்திற்றான் புல் முளைத்தது. உலகமே பார்த்து மகிழ்ந்த அந்தப் பசுமை, ஓர் அழிவுக்குப் பின் வந்த பசுமை. இதை அறிந்த நாள் முதல் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சரோஜினி நகர் நினைவுக்கு வருகிறது.

காரணம் உண்டு. தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, அப்பாவின் மத்திய அரசு வேலையின் பொருட்டு, எட்டு வயதில் தில்லிக்கு வந்தவள் நான். வினய் நகர் என்று முன்பு பெயர் பெற்றிருந்த சரோஜினி நகரில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. தரைத்தள வீடு, முன்னே சிறு முற்றம், அதில் ஒரு வேம்பு. 2016-இல் அரசு ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாய்க் கட்டும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகரும் அவற்றுள் ஒன்று. 2018 ஜூன் மாதம் மரங்களை வெட்டுவதை எதிர்த்து மக்கள் தெருவில் நின்றனர். மரங்களைக் கட்டித் தழுவினர். உயர் நீதிமன்றம் வெட்டுவதற்குத் தடை விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மெட்ரோ நிலையமும் திறக்கப்பட்டது. பின்னர் எங்கள் வரிசை காலி செய்யப்பட்டது, வீடு இடிந்தது. இன்று அப்பகுதியில் அடுக்கு மாடிகள் வான் நோக்கி நிற்கின்றன. வேலை செய்வோருக்கு வீடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் எங்கள் வேம்பு இப்போது இல்லை.

இருப்பது ஒரு படம் மட்டுமே. ஊரிலிருந்து ஆச்சி வந்திருந்தபோது, வாசற்படியில் அவள் அமர்ந்திருக்க, வேம்பு மேலே கவிந்திருக்க, ஒரு சிறு கைப்பேசியில் எடுத்தது. ஆச்சியும் இன்று இல்லை. அடுத்த ஆண்டு அப்பா ஓய்வு பெறுகிறார். அம்மாவும் அவரும் ஊருக்கே திரும்புவதென்று முடிவாகிவிட்டது. நான் ஆய்வு முடியும் வரை இங்கே இருப்பேன். வீட்டுக் கணிப்பொறி அவர்களோடு போகும். அதன் திரையில் எந்தப் படம் இருப்பது என்பதே வழக்கு.

அம்மாவுக்குச் சங்கரன்கோவில் கோமதி அம்மன் வேண்டும். தம்பிக்குக் கிரிக்கெட் வீரர் வேண்டும். அப்பாவுக்கு அந்த வீடு வேண்டும். ஆளுக்கொரு கணக்கு அமைத்துக்கொண்டால் ஆளுக்கொரு படம் வைத்துக்கொள்ளலாமே என்றேன். "இருக்கிற இரண்டு அறை வீட்டிலே இன்னும் ஒரு தடுப்பா?" என்றார் அப்பா. ஆகவே, படங்களை மாறி மாறிக் காட்டும் முறையை ஏற்றோம். ஒரு நிமிடத்துக்கு ஒரு படம் முதல் ஒரு நாளைக்கு ஒரு படம் வரை அதில் கால அளவு குறிக்கலாம். நாளைக்கு ஒன்று என வைத்தோம். வீட்டுப் படம் வரும் நாளில் அப்பா காலையில் அலுவலகம் புறப்படச் சற்றுத் தாமதம் ஆயிற்று. அதை நாங்கள் எல்லோரும் கண்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுவாரம் அம்மாவே, "அந்த வீட்டையே வையுங்க; அம்மனுக்குப் பூசை அறை இருக்கு" என்று தீர்ப்புக் கூறிவிட்டாள்.

இனித்தான் அறிவியல் வருகிறது. படத்தின் அளவு 640-க்கு 480. மொத்தம் 3,07,200 புள்ளிகள். திரையின் அளவு 1920-க்கு 1080. மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு உடைய படம், திரை முழுவதையும் மூட வேண்டும். வடிவமும் வேறு: அது நாலுக்கு மூன்று, இது பதினாறுக்கு ஒன்பது.

கணிப்பொறி முதலில் 'நிரப்பும்' முறையை மேற்கொண்டது. அகலத்துக்கு ஏற்பப் படம் மும்மடங்கு பெருகியது; உயரத்தில் கால் பங்கு திரைக்கு வெளியே போயிற்று. மேலே வேம்பின் உச்சி இல்லை, கீழே, "ஆச்சி காலைக் காணலையே!" என்றாள் அம்மா. 'நீட்டும்' முறையில் ஒன்றும் வெட்டுப்படவில்லை. ஆனால் அகலம் மும்மடங்கு, உயரம் இரண்டேகால் மடங்கு. மெலிந்த ஆச்சி பருத்துப் போனாள். ஓடு பதிப்பது போல் 'அடுக்கும்' முறையில் ஆச்சிகள் வரிசையாக வந்தார்கள், தம்பி சிரித்தான். 'பொருத்தும்' முறையில் முழுப் படமும் உருக் கெடாமல் வந்தது. ஆனால் இருபுறமும் 240 புள்ளி அகலத்தில் கறுப்புப் பட்டை. அது இரங்கற் செய்தியின் படம் போல இருந்தது.

அப்பட்டையின் நிறத்தை மாற்ற வழி உண்டு. தம்பி, படத்தில் உள்ள சுவரின் மஞ்சள் நிறத்தை அளந்து எடுத்து, அதையே இருபுறமும் இட்டான். இடிந்த வீட்டின் சுவர் இரு பக்கமும் நீண்டு வந்தது போல் ஆயிற்று. அந்த மஞ்சள் பகுதியில் கோப்புகளின் குறிகளை ஒதுக்கி வைத்தோம். ஆச்சியின் முகத்தின்மேல் இப்போது எதுவும் இல்லை. சற்று மங்கல்தான், இல்லாத புள்ளிகளை எந்த முறையாலும் உண்டாக்க இயலாது.

திரைப்பின்னணி அற்பம் என்போருக்கு இன்னொன்று சொல்வேன். 2013-இல் உத்தரப் பிரதேச அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளின் திரையில் முலாயம் சிங் யாதவ், அகிலேஷ் யாதவ் ஆகியோரின் படம் இருந்தது. அதை நீக்க முயன்றால் கணினியே பழுதுபடுகிறது என்று அந்நாளில் செய்திகள் வந்தன. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் முதல்வர் ஜெயலலிதாவின் படம் மேல்மூடியில் இடம்பெற்றது. நிறுவனத்தார் தம் புல்மேட்டை வைக்கின்றனர். அரசினர் தம் தலைவரை வைக்கின்றனர். காலண்டரின் அடியில் ஜவுளிக் கடைக்காரர் தம் பெயரை வைத்தார். நாள்தோறும் நம் கண் படும் இடம் எது என்பதை அவர்கள் எல்லோரும் நன்கு அறிவார்கள். நாம் மட்டும் ஏன் அதை அறியாதிருக்க வேண்டும்? கொடுத்த படம் கொடுத்தபடியே இருக்கட்டும் என்று விடுவது நம் இடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதாகும் அன்றோ?

தோழர்களே, தோழியரே! முடிப்பதற்கு முன் இரண்டு சொல். பின்னணியாக வைத்த படம் இருக்கிறதே என்று அசல் கோப்பை அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் தனக்கென எடுத்துவைக்கும் பிரதி, அசலைக் காட்டிலும் சற்றுச் சுருக்கப்பட்டதாக இருக்கும். மற்றொன்று: விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, இடியப் போவதில்லை என்று நீங்கள் நம்பும் வீட்டையும் ஒரு படம் எடுங்கள். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். மரத்தின் உச்சிக்கு மேலே கொஞ்சம் வானமும், ஆச்சியின் காலுக்குக் கீழே கொஞ்சம் தரையும் விட்டு எடுங்கள்.