ஓய்வுநாளும் அடுக்களையும்

உழைப்பின் உயர்வினைப் போற்றாத சமுதாயம் உலகில் இல்லை எனலாம். ஓய்வினையோ உழைத்துக் களைத்தவன் தானே தேடிக்கொள்வதாகவே பலரும் கருதுவர். ஆயின் விவிலியம், கொலை செய்யாமை, களவு செய்யாமை ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து, ஏழாம் நாள் ஓய்ந்திருத்தலையும் பத்துக் கட்டளைகளுள் ஒன்றாக விதித்துள்ளமை சிந்தித்தற்குரியது.

இக்கட்டளை இரண்டு இடங்களிற் கூறப்படுகின்றது. இறைவன் ஆறு நாளில் உலகினைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தமையை யாத்திராகமத்தின் 20ஆம் அதிகாரம் காரணமாகக் காட்டுகின்றது. உபாகமத்தின் 5ஆம் அதிகாரமோ, இஸ்ரவேலர் எகிப்திலே அடிமைகளாயிருந்தமையை நினைவூட்டுகின்றது. வழிபாட்டுக்குச் செல்ல விடை வேண்டிய அவர்களைச் சோம்பேறிகள் என்று இகழ்ந்த பார்வோன், செங்கல் அறுப்பதற்கு வேண்டிய வைக்கோலைக் கொடாது நிறுத்திவிட்டு, செங்கற்களின் தொகையை மட்டும் குறையாது கேட்டான். ஓய்வு மறுக்கப்படும் வாழ்வே அடிமை வாழ்வு என்பதனை அம்மக்கள் பட்டறிந்தனர். எனவேதான் மகனும் மகளும் மட்டுமன்றி, வேலைக்காரனும் வேலைக்காரியும், மாடும் கழுதையும், அந்நியனுங்கூட அந்நாளில் ஓய்தல் வேண்டும் எனக் கட்டளை கூறுகின்றது. பிறரை உழைக்க வைத்துத் தான் ஓய்பவன் அதனைக் கைக்கொண்டவன் ஆகான்.

பசித்த சீடர் ஓய்வுநாளிற் கதிர் கொய்தமை குற்றமெனப்பட்டபோது, ஓய்வுநாள் மனிதனுக்காகவே உண்டாயிற்று என இயேசு தெளிவுறுத்தினார். உண்ணவும் நேரமின்றி உழன்ற சீடரைத் தனித்த ஓரிடத்திற்கு வந்து சற்றே இளைப்பாறுமாறு அழைத்தவரும் அவரே. பின்னர், கிறிஸ்தவர்கள் உயிர்ப்பின் நாளாகிய ஞாயிற்றை வழிபாட்டு நாளாகக் கொண்டனர். கி.பி. 321இல் உரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் அதனை ஓய்வு நாளாக்கினான். நீதிபதிகளும் நகரத்தாரும் ஓய்ந்தனர். உழவர் தம் தொழிலைச் செய்யலாம் என அவ்வாணை விட்டுவிட்டது.

இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்குப் பதிலாகப் போயா தினங்களே வார விடுமுறையாயிருந்தன. அவ்வாண்டுகளில் வழிபாட்டையும் அலுவலையும் ஒரே நாளில் நிறைவேற்ற வேண்டியிருந்த கிறிஸ்தவர் ஞாயிற்றின் அருமையை நன்குணர்ந்தனர். ஞாயிறு மீண்டது. ஆயின் எல்லோருக்கும் மீண்டதா?

ஆராதனை முடிந்து குடும்பம் வீடு திரும்புகின்றது; விருந்தினரும் வருகின்றனர். மற்றைய நாட்களிற் சோறும் இரு கறிகளுமாக முடியும் சமையல், அன்று இறைச்சியும் பாயசமுமாக விரிகின்றது. தேங்காய் துருவி, அரைத்து, ஆக்கி, பாத்திரம் கழுவி முடிக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கு வாரத்தில் மிகக் கடினமான நாள் அதுவே. வேலைக்காரப் பெண் இல்லாத வீட்டிலே அச்சுமை தாய்மீது விழுகின்றது. கட்டளை மனைவியைத் தனியே பெயர் குறித்துச் சொல்லவில்லை என்பதனை யாரும் வாய்ப்பாகக் கொள்ளல் தகாது.

வனாந்தரத்திலே மன்னா பொழிந்தபோது ஆறாம் நாளில் இரு மடங்கு சேர்த்துவைக்குமாறு மக்கள் பணிக்கப்பட்டனர். ஏழாம் நாளில் எவரும் உணவு தேடி வெளியே செல்ல வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை மாலையில் எல்லோரும் கூடி ஆக்கிவைத்த எளிய உணவும், ஞாயிறு நண்பகலிற் குளிர்ந்து கிடக்கும் அடுப்பும் இன்றைய இல்லத்திற்கும் இயலாதன அல்ல. ஆலயத்திலே பாடிய வாய்க்கு அவ்வடுப்பே சான்று பகரும்.