பராக்கு

செபவேளையில் மனம் அலைவதைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘பராக்கு’ என்பர். பாவசங்கீர்த்தனத்தில் தயக்கத்தோடு சொல்லப்படும் சிறு குற்றங்களுள் இதுவும் ஒன்று. வடமொழியில் ‘பராக்’ என்றால் புறமாகத் திரும்பியது என்று பொருள். தமிழில் அது கவனமின்மையைக் குறித்தது. அரசர் வருகையில் கட்டியங்காரர் கூவிய ‘பராக்கு’ என்பதோ கவனத்தை அழைக்கும் குரல். ஓர் ஒலிவடிவம் நோயையும் மருந்தையும் சேர்த்தே சுமக்கிறது. (இரண்டும் ஒரே வேரினவா என்ற வழக்கை அகராதியாளரிடம் விட்டுவிடலாம்.)

இந்நோயை உள்ளிருந்தே ஆராய்ந்து எழுதியவர்களுள் 16ஆம் நூற்றாண்டின் ஸ்பானியக் கார்மேல் துறவி அவிலா தெரேசாவுக்கு இணையானோர் மிகச் சிலர். மறைவல்லுநராக 1970இல் அறிவிக்கப்பட்ட முதல் பெண் அவர். முழந்தாளிட்ட கணமே பரவசத்தில் ஆழ்ந்த ஒருவரை அப்பட்டம் நினைவுக்குக் கொண்டுவரக்கூடும். தன்வரலாற்றில் தெரிபவர் வேறொருவர்.

1535இல் மடம் புகுந்த தெரேசாவுக்கு, நோயுற்றிருந்த காலத்தில் தந்தையின் சகோதரர் ஒரு நூலைக் கொடுத்தார். பிரான்சிஸ்கோ தெ ஒசுனா எழுதியது. மனச்செபத்தை அவர் கற்றது அதிலிருந்துதான். ஆயினும் ஏறத்தாழ 18 ஆண்டுகள், நற்கருணை வாங்கிய வேளை நீங்கலாக, கையில் புத்தகமின்றிச் செபத்தில் அமர அவர் துணியவில்லை. பலமுறை அதைத் திறந்து வைத்திருப்பதே போதுமானதாக இருந்ததாம், வாசிக்கவும் வேண்டியதில்லை. சில ஆண்டுகள், செபநேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்பதிலேயே காது நின்றது. கடுந்தவம் எதையும் அதைவிட எளிதாக ஏற்றிருப்பேன் என்கிற பொருளில் எழுதுகிறார். முற்றுப்பெறாத ஆய்வேட்டின் முன் அமர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தவர் எவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் அவரை உண்மையில் வீழ்த்தவிருந்தது பராக்கு அன்று. அதைக் குறித்த வெட்கம். வீண்பேச்சிலும் உறவாடலிலும் நாளைக் கழித்துவிட்டு இறைவன் முன் நெருங்கி அமர்வது துணிகரம் என்று எண்ணி, ஓராண்டுக்கும் மேலாக மனச்செபத்தைக் கைவிட்டார். வாய்ச்செபங்களை மட்டும் எல்லோருடனும் சொல்லிவந்தார். தாழ்ச்சியின் ஆடையில் வந்ததால் அச்சோதனையை அவரால் அடையாளம் காண இயலவில்லை. இதற்கு முன்பே, நூல்கள் கொடுத்துத் தம் தந்தைக்கு இச்செபத்தைக் கற்பித்திருந்தார் அவர். தந்தை அதில் வெகுதூரம் முன்னேறியிருந்தார். மகளும் அதே நிலையில் இருப்பதாக நம்பி வந்தவரிடம், தாம் இப்போது மனச்செபம் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார். காரணமாக உடல்நலக் குறைவைக் காட்டினார். தந்தை நம்பினார், இரங்கினார். அதன்பின் மகளைப் பார்த்துவிட்டு விரைவிலேயே கிளம்பிவிடுவார். கற்பித்தவர் கரையில் நிற்க, கற்றவர் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார். 1543இன் இறுதியில் தந்தை இறந்தார். அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டுவந்த தொமினிக்கன் குருவிடம் தெரேசாவும் சென்றார். மீண்டும் தொடங்கும்படி அந்தக் குரு சொன்னார். அதற்குப் பின் அவர் விடவேயில்லை. அலைச்சல் நின்றுவிடவில்லை, அமர்வது மட்டும் நிலைத்தது.

அலைச்சலின் இலக்கணம் பிடிபட்டது மிகவும் பிந்தித்தான். 1577இல் எழுதிய ‘உள்மாளிகை’ நூலில், கற்பனையும் அறிவும் ஒன்றல்ல என்பதைச் சுமார் நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் அனுபவத்தால் உணர்ந்ததாகவும், கற்றறிந்த ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதாகவும் சொல்கிறார். மனம் ஒருபுறம், புத்தி ஒருபுறம் என்று அன்றாடப் பேச்சிலேயே பிரித்துவிடும் மொழிக்காரர்களுக்கு இது சிறு செய்தி. அவருக்கோ விடுதலை. கற்பனை ஊர்சுற்றும்போது ஆன்மா முழுவதும் ஓடிவிட்டதாக அதுவரை அஞ்சியிருந்தார். ஆன்மா இருந்த இடத்தில்தான் இருந்தது. மாவு அரைக்கும் ஆலையில் ஓயாமல் சலசலக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதை நிறுத்தப் போராடாமல் அரைத்துக்கொண்டே போகலாம் என்பது அவர் கண்ட உவமை.

அப்பகுதியை எழுதிய நாள்களில் அவர் தலைக்குள் பெரும் இரைச்சல். பல ஆறுகள் பாய்வதுபோலவும், பறவைகள் கூட்டமாய்ச் சீழ்க்கையடிப்பதுபோலவும் கேட்கிறது என்று எழுதுகிறார். அது செபத்தையும் தடுக்கவில்லை, சொல்லவந்ததையும் தடுக்கவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறார்.