தம்பலப்பூச்சியும் மனைக்கற்களும்

அண்மைப் படங்களில் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. பூச்சியின் கண், இறகின் நரம்பு, பனித்துளி எல்லாம் துல்லியமாக இருக்கும். பின்னால் வெறும் பச்சைக் குழம்பு. அந்த உயிர் எந்த ஊரில், எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் இருந்தது என்று படம் சொல்வதில்லை. நம் தொல்காப்பியர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுத்தார். இவ்வகைப் படங்களில் எஞ்சுவது கருப்பொருள் மட்டுமே. நிலமும் பொழுதும் கரைந்துபோகின்றன.

அகன்ற கோணத்தில் அண்மைப் படம் எடுப்பது இதற்கு நேரெதிரான வழி. உயிரியின் முகத்தருகே சென்றுகொண்டே, அது வாழும் நிலத்தையும் சட்டகத்துக்குள் வைத்திருப்பது. பியோட்டர் நஸ்க்ரெக்கி போன்ற பூச்சியியலாளர்கள் பெரிய காமிராக்களில் செய்துவந்ததுதான். 2021-இல் வந்த ஐபோன் 13 ப்ரோவின் அகல்கோண லென்ஸ் இரண்டு சென்டிமீட்டர் வரை நெருங்கிக் குவியக்கூடியதாக அமைந்தபோது அது சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. (மலிவு போன்களில் 'மேக்ரோ' என்று தனியாக ஒட்டப்பட்ட 2 மெகாபிக்சல் காமிரா வேறு, அதை அலங்காரம் என்றே சொல்வேன்.)

போனின் சிறுமையே இங்கு அதன் பலம். அந்த லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு; எனவே பின்புலம் முற்றிலும் கலங்கிவிடுவதில்லை. மற்றது எளிய கணக்கு. ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் அரை மீட்டர்க் கல், நான்கு சென்டிமீட்டரில் உள்ள நான்கு மில்லிமீட்டர் பொருளின் அளவே தெரியும். எறும்பும் மரமும் ஒரே உயரம் ஆகிவிடுகின்றன. போனைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸை மண்ணோடு மண்ணாக வைக்க வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் போனின் நிழலே பூச்சியின் மேல் விழும் என்பதால் வெயில் பக்கவாட்டில் சாயும் நேரமே உகந்தது. இரண்டு சென்டிமீட்டர் வரை போக முடியும் என்பதற்காகப் போகக்கூடாது. நான்கில் நின்றால் தூரத்துப் பொருள்கள் அடையாளம் தெரியும்.

ஊருக்கு மேற்கே செம்மண் மானாவாரிக் காட்டில் முதல் மழைக்குப் பிறகு சில நாட்கள் மட்டும் தம்பலப்பூச்சி வெளியே வரும். பூச்சி என்று பெயரே தவிர, எட்டுக் கால்கள், சிலந்திக்கு உறவு. சங்கப் பாடல்களில் மூதாய் என வருவது இதுதான். முல்லைக்குரிய கார்காலத்தின் சிவப்பு. சென்ற மழைக்கு அதைத் தேடிப்போனபோது காடு மனைகளாகியிருந்தது. முழங்கால் உயரத்தில் மஞ்சள் பூசிய கற்கள், வரிசை வரிசையாக. வழக்கமான அண்மைப் படமாக எடுத்திருந்தால் அக்கற்கள் ஒன்றுகூட வந்திராது; வெல்வெட் போன்ற அந்தச் சிவப்பு மட்டும் அழகாக வந்திருக்கும். அதை நான் விரும்பவில்லை. ஈர மண்ணில் குப்புறப் படுத்து, பூச்சி முன்னும் கற்கள் பின்னுமாக எடுத்தேன். படத்தில் பூச்சி கற்களைவிட இருமடங்கு பெரிதாக நடந்துகொண்டிருந்தது.

அந்தக் காட்டை உழுது, பின்பு விற்றவர் என் சித்தப்பா. படத்தைக் காட்டினேன். "கடலை போடுற ஈரம்" என்றார் பூச்சியைப் பார்த்ததும். பிறகு, "இது கிழக்கு ஓரமாப்பா?" என்று கேட்டார். ஆமாம் சித்தப்பா என்றேன். போனை வாங்கி, இரு விரல்களால் படத்தைப் பெரிதாக்கி, கற்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.